இடம் விட்டுப் பாடியவர்

1934ஆம் வருஷம், பிப்ரவரி மாதம் 2ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. தமிழுக்குத் தை இருபது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாள் தவறாமல் எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. இந்தத் தேதியைப் பழைய பஞ்சாங்கம் ஒன்றில் அந்த வருஷத்துத் தைப்பூசத்தைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து மூன்று நாள் தள்ளிக் குறித்துக்கொண்டேன். பிசகு இருக்காது.

அன்று மத்தியானம் நாங்கள் பழநியிலிருந்து மலையேறி ஊர் வந்து சேர்ந்தோம். வந்ததும் அவரவர் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அம்மா அடுப்பில் கிடந்த பழைய சாம்பலை அள்ளி, சாணம் மெழுகி, பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கி வந்தாள். அப்பா ஜால்ராவைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி மாடத்தில் வைத்தார். எங்கள் கோழிகளைப் பார்த்துக்கொண்ட வீட்டுக்குப் பஞ்சாமிர்தம் போனது, கொண்டுபோனவள் நான். சித்தப்பா மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. தலையில் சுமந்துவந்த பாத்திர மூட்டையை வாசலில் இறக்கிவைத்தார். சற்று நின்றார். பிறகு ஓடையைத் தாண்டித் தன் பூண்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. எப்போதும் சொல்கிற அம்மாவும் சொல்லவில்லை.

அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் எங்கள் ஊர் இருக்கும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும்.

கொடைக்கானல் மலையில், மன்னவனூருக்குக் கீழே ஒரு பள்ளத்தில் எங்கள் ஊர். வீடுகளுக்கு முன்னால் மந்தை. மந்தையில் ஆள் குனிந்து நுழைகிற அளவில் ஒரு முருகன் கோயில். மந்தைக்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் படிப்படியாகப் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்ட தோட்டங்கள். தோட்டங்களுக்கும் அப்பால், ஊரைப் பார்த்தபடி செங்குத்தாக ஒரு பாறை நிற்கிறது. அதற்கு எதிர்ப்பாறை என்று பேர். ஊரில் யார் குரல் கொடுத்தாலும் அது கேட்டு, கொஞ்சம் பொறுத்து, கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லும்.

அதனால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் இரண்டு தடவை கூப்பிடுவதில்லை. அம்மா வாசலில் நின்று என் பேரை ஒரு தடவை கூப்பிடுவாள். இரண்டாவது தடவையைப் பாறை கூப்பிடும். அம்மா கூப்பிட்டதும் வருகிற பிள்ளை நல்ல பிள்ளை. பாறை கூப்பிட்ட பிறகு வருகிற பிள்ளை சுமாரான பிள்ளை. அதற்கும் வராத பிள்ளைக்கு அடி விழும். நான் எப்போதும் சுமாரான பிள்ளையாகவே இருந்தேன். பாறையின் குரல் வந்த பிறகுதான் ஆடுகிற ஆட்டத்தை விட்டு எழுந்திருப்பேன். ஆனால் பாறை பேசுகிறது என்று ஊரில் யாரும் வியந்து நான் பார்த்ததில்லை. மூக்குத்தி போட்டுப் பழகிவிட்டவளுக்கு அது மூக்கில் இருப்பது தெரியாது, அந்த மாதிரி.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது சித்தி தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள்; குழந்தையும் தங்கவில்லை. காரியம் முடிந்ததும் சித்தப்பா ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக் குடிசைக்குப் போனவர், பிறகு வீட்டில் வந்து படுக்கவே இல்லை. பனிக்காலம், பூண்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார். காரணம் பொய்யில்லை. மார்கழியிலும் தையிலும் விடிவதற்குள் பூண்டு இலையெல்லாம் உப்புத் தூவினதுபோல உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வெயில் வந்து படுவதற்குமுன் தண்ணீர் தெளித்து அதைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகிப்போகும். ஆனால் பங்குனி வந்து பனி போன பிறகும் அவர் திரும்பவில்லை. அடுத்த வருஷமும் திரும்பவில்லை. பிறகு யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

அவருக்குக் கஞ்சி கொண்டுபோவது என் வேலை. ஓடைக் கல்லில் கால் வைக்கும்போதே அவர் பாட்டுக் கேட்கும். பாத்தி ஓரமாக நின்று ஓர் அடி பாடுவார். பிறகு குனிந்து வாய்க்காலில் சட்டியை முக்குவார். அவர் முக்கி நிமிர்வதற்குள் பாறை கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்திருக்கும். அடுத்த அடியைப் பாடிக்கொண்டே தண்ணீரை விசிறுவார். மறுபடி குனிவார். தானாக வாய்க்கு வந்ததைத்தான் பாடுவார். பாதி நாள் அர்த்தம்கூட இராது. ஆனால் அந்தக் குரல், குளிரில் சுடுதண்ணீரை வாயில் வைத்தால் உள்ளே இறங்குமே, அப்படி இறங்கும். ஊரில் அவருக்கு 'ஒத்தைப்பாட்டுக்காரன்' என்று பேர். கேலியும் கொஞ்சம் பரிதாபமும் கலந்த பேர்.

எங்கள் ஊரிலிருந்து வருஷந்தோறும் தைப்பூசத்துக்கு ஒரு காவடி போகும். காவடியோடு பாட்டுக்கூட்டம் போகும். ஒருவர் முன்பாட்டுப் பாடுவார். மற்றவர்கள் அந்த அடியை வாங்கிப் பின்பாட்டுப் பாடுவார்கள். தாளம் அப்பாவுடையது. எந்தக் காரியத்தையும் வரிசைப்படி செய்கிறவர் அவர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதிலிருந்து கல்யாணப் பந்தியில் இலை போடுவதுவரை அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது என்று என் வீட்டார் சொல்வதை நான் மறுப்பதில்லை. அந்த வருஷம் முன்பாட்டுக்காரருக்குக் கார்த்திகையில் பிடித்த இருமல் விடவே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. யாரை வைத்துப் பாடுவது என்று அப்பா நாலைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதைச் சொன்னவள் அம்மா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தன் போக்கில் பாடுகிறவன், கூட்டத்துக்குச் சரிப்பட மாட்டான் என்றார். அம்மா விடவில்லை. அவளுக்கு உள்ளே வேறு கணக்கு இருந்தது. அந்த வருஷம் காவடி எடுக்க வேண்டிக்கொண்டிருந்தவர் பக்கத்து ஊரான கவுஞ்சிக்காரர் ஒருவர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவருக்குக் கல்யாணத்துக்கு ஒரு தங்கை இருந்தாள். பெண்ணைக் கேட்டால் என்ன சொல்வார் என்று அம்மாவுக்குத் தெரியும். குடிசையில் ஒண்டியாகக் கிடக்கிறவனுக்கு, ஊரோடு ஒட்டாதவனுக்கு, எப்படிக் கொடுப்பது என்பார். சித்தப்பா ஊருக்கு முன்னால் நின்று பாடினால் அந்தப் பேச்சுக்கு இடமிராது.

கடைசியில் அம்மாவே ஓடையைத் தாண்டிப் போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன். சித்தப்பா பாத்தியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்குக் கூட்டத்தோட பாடி வழக்கமில்லையே மதினி."

"பாடப் பாட வழக்கமாகுது. ஒங்க அண்ணன் தாளம் தட்டுறாரு, நம்மூர் ஆளுக பின்னால பாடுறாக. இதுல வேத்தாளு யாரு இருக்கா?"

அன்று சாயங்காலமே அவர் மந்தைக்கு வந்தார்.

மார்கழி முழுக்கப் பாட்டுப் பழகினார்கள். முதல் நாள் சித்தப்பா மந்தை ஓரத்தில், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடையைப் பார்த்து நின்றார். அப்பா அதட்டி ஆட்களைப் பார்த்து நிற்கச் சொன்னார். அவர் பாதி திரும்பினார். பாதிக்கு மேல் திரும்பவில்லை. பிறகு எடுத்தார்.

"மலையெறங்கி வாறோமய்யா, முருகா..."

நிறுத்தினார். பாறை 'முருகா' என்றது. அது சொல்லி முடித்த கையோடு பின்பாட்டு எழுந்தது. ஒருவர் முந்தவில்லை, ஒருவர் பிந்தவில்லை. அப்பாவின் ஜால்ரா சரியாக அந்த இடத்தில் விழுந்தது. முதல் நாளே இப்படி அமைந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. கஞ்சிரா தட்டுகிற தாத்தா அடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. முன்பாட்டுக்கும் பின்பாட்டுக்கும் நடுவில் நிற்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தை ஊரே மெச்சியது. அதைத் தான்தான் தாளத்தில் கணக்குப் பண்ணி வைத்ததாக அப்பா பலரிடம் சொன்னார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்.

கடைசி நாள் கவுஞ்சிக்காரர் வந்து உட்கார்ந்து கேட்டார். எழுந்து போகும்போது அம்மாவிடம், பூசம் முடியட்டும், இறங்கி ஏறி வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் முடிந்துவிட்டது என்று அம்மா தெரிந்துகொண்டாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். குடிசையிலிருந்த தன் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கொடியில் போட்டார். "இது இங்கயே கெடக்கட்டும் மதினி. பூசத்துக்குப் போய் வந்து இங்கயே எடுத்துப் போத்திக்கிறேன்" என்றார். அம்மா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கம்பளிக்கு அழுவானேன் என்று நான் நினைத்தேன்.

மலையிறங்கும்போது அப்பாவின் உத்தரவு ஒன்றுதான்: யாரும் பாடக் கூடாது. இறக்கத்தில் பாடினால் மூச்சு வாங்கும், தொண்டை கட்டும், பழநியில் பாடக் குரல் மிச்சமிருக்காது. நியாயமான உத்தரவு. சோலைக்குள்ளும் பாறைச் சரிவுகளிலும் வாயை மூடிக்கொண்டே இறங்கினோம். ஒரே ஒரு இடத்திலாவது வாய்விட்டுப் பாடிப் பார்த்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

அடிவாரத்துக்கு முன்னால் ஒரு புளியந்தோப்பில் தங்கினோம். அங்கே ஒன்று நடந்தது. அப்போது எல்லாரும் சிரித்து மறந்துவிட்டார்கள். நான் தோப்பு ஓரத்தில் குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு வெந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. வழக்கப்படி இரண்டாவது குரலுக்காக நான் காத்திருந்தேன். அம்மாவும் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். அவள் அங்கே நிற்கிறாள், நான் இங்கே நிற்கிறேன். பக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்த ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்மாள் ஒருத்தி இதைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, ஒரே ஒரு கொரல் குடுத்துட்டு அம்மன் செல மாதிரி நிக்கிறே? புள்ள கூட்டத்துல தொலஞ்சு போயிரும். நல்லாத் தொண்டையத் தொறந்து கூப்புடு."

எங்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அதற்குமேல் யாரும் அதை யோசிக்கவில்லை.

பூசத்தன்று காலை அடிவாரத்தில் எங்கு பார்த்தாலும் காவடி. ஒவ்வொரு ஊர்க் கூட்டமும் ஒரு மண்டபத்துக்கு முன்னால் நின்று, காவடியைத் தோளில் ஏற்றி, பாட்டை எடுத்து, ஆடிக்கொண்டே தெருவில் இறங்க வேண்டும். முன்கூட்டம் நகர்ந்ததும் எங்கள் முறை வந்தது. கவுஞ்சிக்காரர் குளித்து, பச்சை வேட்டி கட்டி, காவடியைத் தோளில் வாங்கினார். அப்பா ஜால்ராவை நெஞ்சளவுக்கு உயர்த்தினார். சித்தப்பாவுக்கு நெற்றி நிறையத் திருநீறு. புது வேட்டி. அன்று அவர் அழகாக இருந்தார் என்று நான் துணிந்து எழுதலாம்.

"மலையெறங்கி வந்தோமய்யா, முருகா..."

சுற்றி இருந்த இரைச்சல் தணிந்தது. பின்னால் நின்ற கூட்டத்தின் உறுமிக்காரர் கோலை இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை வந்ததைப் பார்த்தேன். சித்தப்பா அடியை முடித்து, நிறுத்தினார்.

ஒன்றும் வரவில்லை.

சித்தப்பா காத்திருந்தார். பின்பாட்டுக்காரர்கள் வாயைப் பாதி திறந்தபடி காத்திருந்தார்கள். அப்பாவின் இரண்டு கைகளும் எதிரெதிரே நின்றன. காவடி ஆடக் கால் தூக்கிய கவுஞ்சிக்காரர் தூக்கிய காலோடு நின்றார். சித்தப்பா தலையைச் சாய்த்து இடது பக்கம் மேலே பார்த்தார். அங்கே ஒரு கடையின் கூரையும் அதற்குமேல் வெறும் ஆகாசமும் இருந்தன.

பின்னாலிருந்து ஒருவர், "என்னய்யா, மலைக்காரவுகளுக்குக் குளுரு வாயக் கட்டிருச்சா?" என்றார். சுற்றிலும் சிரிப்பு.

அப்பா சட்டென்று ஜால்ராவை அடித்தார். பாதிப் பேர் பின்பாட்டை எடுத்தார்கள். பாதிப் பேர் எடுக்கவில்லை. பாட்டுப் போய்விட்டதென்று நினைத்துச் சித்தப்பா முதலிலிருந்து எடுத்தார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அந்த இடம் வந்ததும் எல்லாரும் நின்றார்கள். இந்தத் தடவை அப்பா முன்னாலேயே அடித்தார். சித்தப்பா திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். மூன்றாவது தடவை அடி முடிவதற்குள் அப்பா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"போதும்லே. நீ நிறுத்து."

பிறகு அப்பாவே பாடினார். அவருக்குக் குரல் கிடையாது. ஆனால் தாளம் தப்பாது. தாளம் அடிக்க அடிக்க மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காவடி நகர்ந்தது. சித்தப்பா கூட்டத்தை விட்டு விலகி, பெண்களோடு பின்னால் வந்து, அம்மா தலையிலிருந்த பாத்திர மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். மலையைச் சுற்றி முடிகிறவரை அதை இறக்கவில்லை. படியேறும்போதும் இறக்கவில்லை.

கவுஞ்சிக்காரர் மரியாதைப்பட்டவர். சாமி கும்பிட்டு இறங்கிய பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, காவடி தோளில் இருக்கும்போது பாட்டு அறுந்துபோனது மனசுக்கு ஒப்பவில்லை, அடுத்த தைக்குப் பார்க்கலாம் என்றார். அடுத்த தைக்குள் அந்தப் பெண்ணைப் பூண்டி என்கிற ஊர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி மலையேறினோம். பாதி வழியில், தண்ணீர் குடிக்க உட்கார்ந்த இடத்தில், அப்பாதான் பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. களைப்பாகப் பேசினார்.

"நாலு பேரோட சேந்து ஒரு பாட்டுப் பாடத் தெரியல. நீ எப்படிலே ஒருத்தியக் கூட்டியாந்து குடும்பம் நடத்துவே?"

சித்தப்பா தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். எல்லாரும் எழுந்து நடந்தபோது நான் அவருக்குப் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும், என்னைப் பார்க்காமலே, மெதுவாகச் சொன்னார்:

"நான் எடம் விட்டேன் தாயி. யாரும் வரல."

என்ன இடம், யார் வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு அப்போது கால் வலித்தது. பஞ்சாமிர்தப் பானையை எப்போது திறப்பார்கள் என்பது மட்டும்தான் யோசனை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்த்தார்கள். பாட வராது என்று சொல்லியும் பாட்டுக் குழுவில் நிறுத்தினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பாடிப் பழகினோம். பண்டிகைக்கு முந்தின நாள் எங்களைக் கல்லால் கட்டிய பெரிய சர்ச்சுக்குள் கொண்டுபோய்ப் பாட வைத்தார்கள். இரண்டாவது வரியிலேயே எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிப்போயிற்று. பாட்டு டீச்சரம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். திட்டவில்லை. இந்தச் சுவரும் நம்மோடு பாடுகிறது, அது பாடி முடிக்கட்டும், அப்புறம் நாம் பாடுவோம் என்றார். மற்றப் பெண்கள் சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முன்னால் அடிவாரத்து மண்டபமும், ஒரு கடையின் கூரையும், தலையைச் சாய்த்து மேலே பார்த்த முகமும் வந்து நின்றன.

மார்கழி முழுக்க மந்தையில் பாடியது பத்துப் பேர் இல்லை. பாறையோடு பதினொரு பேர். அது குரல் கொடுத்த பிறகுதான் பின்பாட்டு எழுந்திருக்கிறது. அப்பாவின் ஜால்ராவும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறது. பழநியில் அது வராதபோது நின்றுபோனது சித்தப்பா மட்டும் இல்லை, ஊர் மொத்தமும்தான். ஒரே ஒரு வித்தியாசம். மற்ற எல்லாரும் தங்களுக்குத் தெரியாமல் காத்திருந்தார்கள். அவர் தெரிந்தே இடம் விட்டுக் காத்திருந்தார். சித்தி போன நாளிலிருந்து அவர் தனியாகப் பாடவே இல்லை. தன் அடி முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு இன்னொரு குரலைக் கேட்கிறவராக ஊரில் அவர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் சேர்ந்து பாடத் தெரியாதவன் என்றோம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். சித்தப்பா அதற்கு முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டிருந்தார். கடைசிவரை அந்தக் குடிசைதான். நான் சொல்லி முடித்ததும் அப்பா மாடத்திலிருந்த மஞ்சள் துணியைப் பிரித்து, ஜால்ராவை எடுத்துக்கொண்டு மந்தைக்குப் போய், ஓடையைப் பார்த்து ஒரே ஒரு தடவை அடித்தார். காத்திருந்தார். பாறை அடித்தது. அவர் அங்கேயே வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு அந்த ஜால்ராவை அவர் தொட்டு நான் பார்க்கவில்லை. வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் திரும்பி வந்த அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி கடுமையான பனி. கொடியில் சித்தப்பாவின் கம்பளி கிடந்தது. அவர் அதை எடுக்க வரவில்லை. நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. அம்மா அதைப் பார்ப்பதும் வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தாள். அப்பா விளக்கை அணைக்கச் சொன்னார்.

மறுநாள் வெள்ளனே அம்மா முதலில் செய்தது அந்தக் கம்பளியை எடுத்து உதறி மடித்ததுதான். அடுப்புக்கூட அப்புறம்தான் பற்றவைத்தாள். என்னை எழுப்பி அதைக் கையில் கொடுத்து, வெரசாக் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் கொடு என்றாள். வேறு ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள்.

நான் வாசலைத் தாண்டும்போதே அவர் பாட்டுக் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். சித்தப்பா சரியாகிவிட்டார் என்று நினைத்தேன். ஓடையில் இறங்கி நின்று பார்த்தேன். வெள்ளையாகக் கிடந்த பாத்திகளுக்கு நடுவில் நின்று சட்டி சட்டியாகத் தண்ணீரை விசிறிக்கொண்டிருந்தார். பாட்டு வேகமாக இருந்தது. அடி முடிந்ததும் நிற்கவில்லை. மூச்சு வாங்காமல் அடுத்த அடி, அதற்கு அடுத்த அடி. குனியும்போதும் பாடினார். பாறை திருப்பிச் சொன்னதா இல்லையா என்றே தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவர் குரலுக்கு அடியில் போயிருக்கும்.

பின்னால் மந்தையில் அப்பா பல் துலக்கிக்கொண்டு நின்றார். அவரும் கேட்டார். "இப்பத்தான் ஒழுங்காப் பாடுறான்" என்று கஞ்சிரா தட்டும் தாத்தாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏதோ ஒரு புது விளையாட்டு என்று நினைத்தேன். கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓடைக் கல்லில் நின்றபடி, அவர் ஓர் அடியை முடிக்கும் இடம் பார்த்து, பாறை சொல்கிறது மாதிரியே நானும் 'முருகா' என்று கத்தினேன்.

அதற்குள் அவர் அடுத்த அடிக்குப் போயிருந்தார்.